டி.டி.டி. இல்லம்

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள். வானம் மேகமூட்டத்துடன் காணப்பட்டது. விடியற்காலையில் பெய்த தூறல், கானாடுகாத்தானின் ஓட்டுக் கூரைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் துப்புரவுப் பொறுப்பாளராகப் பணிபுரியும் தங்கும் விடுதி, முன்பு ஒரு நகரத்தார் வீடு. அதன் இரண்டாம் கட்டாகிய பின்பகுதியில், சமையலறை நிலைவாசலுக்கு மேலே, காவி நிறத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் உள்ளன: டி.டி.டி. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் குடும்பங்களைக் குறிப்பது நகரத்தார் வழக்கம். அதற்கு விலாசம் என்று பெயர். ஆகவே, புதிதாக வந்த மேலாளர் கோபிநாத், இதையும் விலாசம் என்றே முடிவு செய்தார். தேவராயன், தெய்வசிகாமணி, தண்ணீர்மலை என்று மூன்று தலைமுறைகளையும் அவரே உண்டாக்கினார். விடுதியின் பெயர் 'டி.டி.டி. இல்லம்' ஆயிற்று. துண்டுகளிலும் அவ்வெழுத்துகள் தைக்கப்பட்டன.

உண்மை வேறு. மலேரியாவைப் பரப்பும் கொசு, இரத்தம் குடித்தபின் சுவரில் அமர்ந்து இளைப்பாறும் இயல்புடையது. எனவே, அந்நாளில் மலேரியா ஒழிப்புப் பணியாளர்கள் வீடுதோறும் சென்று சுவர்களில் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்தனர்; தெளித்ததற்கு அடையாளமாக அதன் பெயரையும் தேதியையும் எழுதினர். அவர்களுள் ஒருவர் என் தந்தையார் முத்துவீரன். அவர் பள்ளி சென்றவர் அல்லர். தேதியை உடன்வந்தவர் எழுதுவார்; இங்கு அது மங்கி மறைந்துவிட்டது. மருந்தின் பெயரை மட்டும் தந்தையார் எழுதுவார். அவர் அறிந்த எழுத்துகள் இரண்டு: வயிறு பெருத்த ஒரு 'டி', குடைபோல் நிற்கும் மற்றொரு 'டி'. அந்தக் குடை எப்பொழுதும் இடப்புறம் சாய்ந்திருக்கும். எங்கள் வீட்டு மண்சுவரிலும் அவ்வாறே சாய்ந்திருந்தது. அச்சுவர் ஒரு மழைக்காலத்தில் விழுந்துவிட்டது. அவர் கையெழுத்து எஞ்சியிருப்பது இவ்விடத்தில் மட்டுமே.

உண்மையை உரைத்தால் அழித்துவிடுவார்கள். ஆதலால், ஐம்பத்திரண்டாம் வயதில் பத்தாம் வகுப்புத் தேறிய நான், இப்பிழையைத் திருத்தாமல் வாளாவிருந்தேன்.

அன்று காலை பெயிண்டர் மாயக்கண்ணன் ஏணியுடன் வந்தார்.

"அண்ணே, அந்த எழுத்து மேலயே நல்லா தங்கக் கலர்ல எழுதிருங்க. கடைசி எழுத்து கோணலா இருக்கு, நிமித்திருங்க," என்றார் கோபிநாத்.

"பேரே தண்ணீர்மலை. தண்ணியப் போட்டுட்டு எழுதுனா எழுத்து நேராவா நிக்கும்?" என்று நகைத்தவாறே மாயக்கண்ணன் தூரிகையைத் தோய்த்து உயர்த்தினார்.

கையிலிருந்த ஒட்டடைக் கம்பைத் தூரிகைக்கும் சுவருக்கும் இடையே நீட்டினேன்.

"கைய எடுங்கண்ணே! அது செட்டியாரு எழுத்தில்ல. எங்க அப்பா எழுதுனது."

"என்னக்கா சொல்றீக?" என்றார் கோபிநாத்.

கொசுவில் தொடங்கி அனைத்தையும் கூறினேன். கோபிநாத் தம் கையிலிருந்த துண்டை விரித்துப் பார்த்தார்.

"கொசு மருந்தையா துண்டுல தச்சு வச்சிருக்கேன்? தேவராயன் பர்மாவுல யானை வச்சிருந்தாருன்னு வேற வாரவுககிட்டச் சொல்லிட்டனேக்கா!"

"ஒரு யானையோட விட்டீகளே, அதுவரைக்கும் நல்லது," என்றார் ஏணிமேல் இருந்தவர்.

"சும்மா இருங்கண்ணே. முதலாளிக்குத் தெரிஞ்சா வம்பு. அழிச்சிர வேண்டியதுதான்."

"அழிங்க தம்பி. ஆனா நான் வீட்டுக்குப் போனபெறகு அழிங்க," என்றேன். "எங்க அப்பாவுக்கு இந்த ரெண்டு எழுத்துதான் தெரியும்."

"கையெழுத்தாச்சும் போடுவாரா?"

"சம்பளத்துக்கே கைநாட்டுத்தான்."

கோபிநாத் சாய்ந்த குடையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பின்னர் துண்டை மடித்தார்.

"அண்ணே, எறங்குங்க. எழுத்து அப்புடியே இருக்கட்டும்."

"அப்ப யானை?"

"யானைய அவுத்து விட்டுருவோம். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். இனிமே வாரவுகளுக்கு அக்காவே சொல்லட்டும். எங்கிட்டச் சொன்ன மாதிரியே, கொசுவுல இருந்து."

கடைசி எழுத்தின் அருகில் ஒரு துளித் தங்கம் ஏற்கெனவே தெறித்திருந்தது. துடைக்க முற்பட்ட மாயக்கண்ணனை நான் தடுத்தேன். தந்தையார் அவ்விடத்தில் புள்ளி வைக்க மறந்திருந்தார்.

ஏணி வாசலைக் கடந்தபோது முற்பகல் மணி 10.40.