கத்தரியின் அட்டவணை

அலுவலகத்தில் எனக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. கட்டுமான நிறுவனத்தில் வேலை அட்டவணை போடுவது என் பிழைப்பு. எந்த வேலை எதற்குப் பின், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று எழுதிக் கோடு கோடாக இழுத்துவிட்டால், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு போகும் வேலைகளில் மிக நீளமான வரிசை தெரிந்துவிடும். அதில் ஒரு நாள் தவறினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளிப்போகும். மற்ற வேலைகள் கொஞ்சம் சோம்பல் முறித்துக்கொண்டு வரலாம்.

கஷ்டம் எல்லாம் நாட்களைக் கேட்டு வாங்குவதில்தான். ஆறு நாள் வேலைக்கு ஒன்பது என்பார் எலக்ட்ரீஷியன். பெயிண்டர் வானம் பார்த்துவிட்டுப் பத்து என்பார். நானும் சளைத்தவளில்லை. யார் எதைச் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டுத்தான் எழுதுவேன். நான் வெட்டுவேன் என்று தெரிந்து அவர்கள் கூட்டுவார்கள். கூட்டுவார்கள் என்று தெரிந்து நான் வெட்டுவேன். பதினாலு வருஷமாக இப்படித்தான் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன.

போன வருஷம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு கட்டும் வேலை வந்தது. அதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பா வாரத்தில் மூன்று நாள் வேனில் இரண்டு மணி நேரம் போய், நாலு மணி நேரம் படுத்து, மறுபடி இரண்டு மணி நேரம் குலுங்கிக்கொண்டு வருவார். வரும்போது வாயில் ஒரு சொல் இருக்காது. செருப்பைக் கழற்றக்கூட என் தோள் வேண்டும்.

"ஒன்னாம் தேதியிலேர்ந்து நடந்தே போயிடலாம்பா. பத்து நிமிஷம்தான்" என்றேன்.

"சரிம்மா" என்றார்.

தரை போட வந்தவர் எங்களுக்குப் புதியவர். அதிகம் பேசாத மனிதர். சிமெண்ட் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேலே வினைல் விரிப்பை ஒட்ட வேண்டும். காய எத்தனை நாள் என்று கேட்டேன். "பன்னெண்டு" என்றார். நான் வழக்கம்போல எட்டு என்று எழுதினேன். பூச்சு காய்வது அந்த நீளமான வரிசையில் இருந்தது. நாலு நாள் மிச்சம் என்று உள்ளுக்குள் குஷிதான்.

எட்டாம் நாள் அவர் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் ஈரம் இருக்கு மேடம்" என்றார். அட்டவணையைக் காட்டினேன். ஒட்டிவிட்டுப் போனார்.

திறப்புக்கு ஆறு நாள் இருக்கும்போது தரை அப்பளமாய் உப்பிவிட்டது. பொருத்தியிருந்த டயாலிசிஸ் நாற்காலிகளைக் கழற்றி, விரிப்பை உரித்து, மறுபடி காயவைத்து ஒட்ட வேண்டும். அவரை வரச் சொன்னேன்.

"நீங்க சொன்ன பன்னெண்டு, நெஜமாவே பன்னெண்டா?"

"ஆமா மேடம். வேற என்ன சொல்றது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பதினாலு வருஷத்தில் ஒருவர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார், அதையும் நறுக்கியிருக்கிறேன்.

"தப்பு என்னுதுதான். இப்ப எத்தனை நாள் ஆகும்?"

அவர் தரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பதினெட்டு."

"அன்னைக்குப் பன்னெண்டுதானே சொன்னீங்க?"

"அது உங்களத் தெரியறதுக்கு முன்னாடி மேடம்."

பதினெட்டில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் சரியாகப் பன்னிரண்டு. யாரோ அவருக்கு என் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உரித்துப் போட்ட தரைக்கு நிஜமாகவே பதினெட்டு தேவைப்படலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேன். ஆறு நாளை வெட்டினால் அப்பாவுக்கு மூன்று வேன் பயணம் மிச்சம். தரை மறுபடி உப்பினால் இன்னும் எத்தனை பயணமோ. பேனா கையிலேயே இருந்தது. பதினெட்டு என்றே எழுதினேன். அதன்பின் நாற்காலி பொருத்தவும் தண்ணீர்க் குழாய்களைச் சோதிக்கவும் பன்னிரண்டு நாள். மொத்தம் முப்பது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சமையலறை மேசையில் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். வேன் அன்று இல்லை, அதனால் பேச்சு இருந்தது.

"அப்பா, தள்ளிப்போச்சு. என் தப்புதான். வேன்காரர்கிட்ட இன்னும் ஒரு மாசம் வரச் சொல்லணும்."

"அது போன மாசமே சொல்லிட்டேனே."

"ஏம்பா?"

"நீ அஞ்சு நிமிஷத்துல வரேன்னா, எத்தனை நிமிஷத்துல வருவன்னு எனக்குத் தெரியாதா?" கோபமே இல்லை. "இப்ப திறப்புக்கு என்ன தேதி?"

"அடுத்த மாசம் இருபத்தஞ்சு. இந்தத் தடவை நான் எதையும் குறைக்கலப்பா. சத்தியமா."

"சரிம்மா" என்றார். அதே சரிம்மா.

என் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அடுத்த மாதத்தாளைத் தூக்கினார். இருபத்தைந்தைத் தாண்டி, அதற்கும் அடுத்த தாளைப் பிரித்து, ஐந்தாம் தேதியைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டார்.

முப்பதுக்கு மேல் பத்து நாள். எண்ணிப் பார்த்தேன். சரியாக மூன்றில் ஒரு பங்கு.