பதினோராவது தகடு

ஈயக்கட்டியின் மேல் புரோட்டான் கற்றையைப் பாய்ச்சினால் அது நியூட்ரான்களை வாரி இறைக்கும். எத்தனை இறைக்கும் என்று கணினியில் போட்டுப் பார்ப்பது அவள் வேலை. நிஜக் கட்டியின் மேல் வரிசையாகத் தங்கத் தகடுகளை ஒட்டி, எத்தனை இறைத்தது என்று அளந்து சொல்வது அவள் கணவரின் வேலை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். புருஷன் பெண்டாட்டி ஒத்துப்போவதே பெரும்பாடு, இதில் எண்களும் ஒத்துப்போக வேண்டுமாம்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று அவர் சீண்டிச் சீண்டி, அவள் பேரே சுரைக்கா ஆகிவிட்டது. வீட்டிலும் சுரைக்கா, ஆய்வுக்கூடத்திலும் சுரைக்கா. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "உங்க கை நடுங்கும். என் கணக்கு நடுங்காது" என்று திருப்பிக் கொடுப்பாள்.

இந்த முறை பத்துத் தகடுகள் அவள் கணக்கோடு அச்சாக ஒத்துப்போயின. கட்டியின் பின்முனையில் இருந்த பதினோராவது மட்டும் முரண்டு பிடித்தது. கணக்கு நூறு என்றால் அளவு நூற்று நாற்பது. எண்கள் கைக்கு வந்த அன்று அவர் சிறுநீரகக் கல் வலியோடு மருத்துவமனையில் கிடந்தார். போனவள் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாளோ இல்லையோ, தாளை நீட்டினாள்.

"கடைசித் தகட்டைத் தப்பா வச்சிருக்கீங்க."

"சரியாத்தான் வச்சேன்."

"அப்ப என் கணக்கு தப்பா?"

"அந்த அறையில இருந்த எதையோ நீ விட்டுட்ட, சுரைக்கா."

"வலியில உளறாதீங்க."

அவர் சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடைத்த கல்லால் கிருமி ரத்தத்தில் ஏறி, அன்றே நினைவு தப்பி, நான்காம் நாள் போய்விட்டார். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள் கடைசியாக அவரிடம் சொன்ன சொல் 'உளறாதீங்க.' அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் குழுத் தலைவர் கூப்பிட்டார். தங்கமான மனிதர், அதுதான் தொல்லை.

"அறிக்கை இன்னிக்குப் போகணும்மா. பதினொண்ணை மட்டும் எடுத்துடலாம். பாவம், உடம்பு முடியாம வந்து செஞ்சாரு. 'அளவீட்டுப் பிழை'ன்னு கீழ ஒரு வரி போட்டா முடிஞ்சுது."

வாழ்நாளெல்லாம் தகடு ஒட்டிய மனுஷனுக்குக் கடைசியில் மிச்சம் ஒரு வரி, அதுவும் பிழை என்று. அந்தச் சொல்லை முதலில் எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். சாயங்காலம் வரை நேரம் கேட்டுக்கொண்டு நேரே பாதுகாப்பு அதிகாரியிடம் போனாள். கற்றையைத் திறப்பதற்கு முன் அறையைப் படம் எடுத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்கள்.

மூன்றாவது படத்தில், கட்டியின் பின்னால், தாங்கியின் மேல், ஒரு எவர்சில்வர் பாட்டில். கழுத்தில் சிவப்பு நூல். கல்லுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கணும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் காலையில் அவள் கையால் நிரப்பிக் கொடுத்த இரண்டு லிட்டர் பாட்டில்.

"இது எங்க வீட்டுது."

"கதிர்வீச்சு பட்டுடுச்சுக்கா. வெளிய விட மாட்டோம். கழிவுக்குப் போயிருச்சு" என்றாள் அதிகாரி.

தண்ணீர் நியூட்ரான்களின் வேகத்தை அடக்கும். வேகம் அடங்கியதைத் தங்கம் விடாமல் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் தண்ணீர் இருந்தால் தகடு கூடுதலாகக் காட்டத்தான் செய்யும். முதல் வருஷ மாணவனுக்குத் தெரிந்த விஷயம். அவளோ ஈயக்கட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கணக்குப் போட்டிருந்தாள்.

கணக்கில் பாட்டிலைச் சேர்த்தாள். காலிப் பாட்டிலாகத்தான் சேர்த்தாள். தகடு ஒட்டிய அன்று சாயங்காலம் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவரிடம் பாட்டில் எங்கே என்று அவள் கேட்டிருந்தாள். "பாட்டில் காலி, அங்கேயே வச்சுட்டேன்" என்று அவரே சொன்னார்.

நூற்று இரண்டு வந்தது. பாட்டில் காரணமில்லை, விட்டுவிடலாமா என்று ஒருகணம் தோன்றியது. பாதித் தண்ணீர் வைத்தாள். நூற்றுப் பதினெட்டு. மூடிவரை நிரப்பிப் போட்டாள்.

நூற்று நாற்பது.

ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்.

ஏன் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறையிலிருந்து கழிப்பறைக்குப் போய்வந்தால் கதிர்வீச்சுச் சோதனைக்கே அரைமணி போகும். கற்றை கிடைத்தது ஒரே ஒரு நாள். பத்துத் தகடு போதும் என்றவரிடம் பதினொன்று வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள். "நடுவுல வெளிய வந்துட்டே இருந்தா முடியாது, முடிச்சிட்டு வாங்க" என்று வாசலில் சொல்லி அனுப்பியவளும் அவள்தான். தண்ணீரைக் கையில் கொடுத்து, குடிக்க விடாமல் அனுப்பியிருக்கிறாள்.

கட்டிலில் அவர் சிரித்தது இப்போது புரிந்தது. 'பாட்டில்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அளவு பிழைத்திருக்கும். சொன்னால் இவள் நிரப்பிப் பார்ப்பாள் என்று அவருக்குத் தெரியும். தன் அளவு பொய்யாகட்டும் என்று திரும்பிப் படுத்துவிட்டார். மேசையில் தலை கவிழ்த்து அவள் அழுதாள். பக்கத்து அறையில் பேச்சு நிற்கும் அளவுக்கு அழுதாள்.

முகம் கழுவிக்கொண்டு போய் அறிக்கையை நீட்டினாள். பதினோராவது தகடு அதன் இடத்திலேயே இருந்தது. கீழே இருந்த வரியில் பிழை அவள் பேரில் இருந்தது: கணக்கில் விடுபட்ட பொருள், தண்ணீர், இரண்டு லிட்டர், மூடிவரை.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூடிவரை இருந்துச்சுன்னு எப்படிம்மா தெரியும்? யாரு பார்த்தா?"

"யாரும் பார்க்கலைங்க. வீட்டுக்கு வந்து காலின்னு சொன்னாரு" என்றாள். "தகட்டுலதான் உண்மையச் சொல்லியிருக்காரு."