பக்கத்து சீட்

மகளின் பட்டமளிப்பு விழாவுக்குச் சேர்ந்தே போகலாம் என்று, இரண்டு வருஷமாகப் பிரிந்திருக்கும் கணவன் பிச்சைக்கனி போனில் சொல்லியிருந்தான். செண்பகவல்லி எர்ணாகுளத்துக்கு இரண்டு சீட் ரிசர்வ் செய்தாள். அவன் வரவேண்டிய நாகர்கோவில் வண்டி நேரத்துக்கே திருவனந்தபுரம் வந்தது. அவன் இறங்கவில்லை, போனையும் எடுக்கவில்லை.

அவள் ஏறிய எர்ணாகுளம் வண்டி பேட்டையைத் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"சேச்சி, பக்கத்து சீட்டுக்கு ஆளில்லையா?"

"கொல்லத்துல ஏறுவாரு சார்," என்று பொய் சொன்னாள்.

"திருவனந்தபுரத்துல ஏறணும்னல்லே சார்ட்ல இருக்கு? வரலேன்னா வெயிட்டிங் லிஸ்ட் ஆளுக்குக் கொடுக்கணும், அதாக்கும் ரூல்."

செண்பகவல்லி அந்த சீட்டில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்த பெண், "தனியாவா போறீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா, தனியாத்தான்."

இதுவரை யாரிடமும் அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.