மருமகள் சொன்ன பதில்கள்

ஸ்கூடாயில் தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தில் முதியவர்களுக்கு மனநலப் பரிசோதனை நடந்தது. எழுபத்து மூன்று வயது மரியநாதனுக்கு, மனைவி இறந்த இந்த எட்டு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. அழுகைகூட வரவில்லை.

“வாழ்க்கை வெறுமையா இருக்கிற மாதிரி தோணுதா ஐயா?” என்று தாதி தேன்மொழி கேட்டாள்.

பக்கத்திலிருந்த மருமகள் இன்பராணி முந்திக்கொண்டாள். “அதெல்லாம் இல்ல மிஸ்ஸி. மாமா நல்லா சாப்பிடுறாரு, ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறாரு. நாங்க நல்லாத்தான் பாத்துக்கிறோம்லா.”

தேன்மொழி ‘இல்லை’யில் கோடிட்டாள். பதினைந்து கேள்விகளில் அது அவள் சொன்ன ஒன்பதாவது ‘இல்லை’.

இன்பராணி பொய் சொல்லவில்லை. தட்டில் போட்டதை அவர் சாப்பிடத்தான் செய்தார். அவள் எதிரே அவர் ‘ஆமாம்’ என்றால் அவளைக் குறை சொன்னதாகிவிடும். பதினைந்தும் ‘இல்லை’ என்றால் வீட்டுக்கே வந்து பேச ஆள் அனுப்பும் பட்டியலில் அவர் பெயர் ஏறாது.

“இன்பா, ஒரு கோப்பி வாங்கிட்டு வாம்மா.”

“இப்பதானே குடிச்சீங்க மாமா,” என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்து போனாள்.

“மிஸ்ஸி,” என்றார் மரியநாதன். “வேற தாள் எடுங்க. மொதல்லேர்ந்து என்கிட்ட கேளுங்க. கோப்பிக்கு கியூ நீளமாத்தான் இருக்கு, அவ வர நேரமாகும்.”