காசெட்டின் இரண்டாவது பக்கம்

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் இருக்கும் சிவராமகிருஷ்ணன் பாட ஆரம்பிப்பதற்குள் நிதானமாக இரண்டு காபி குடித்துவிடலாம். சுருதிப்பெட்டியைக் கூட்டுவார், குறைப்பார், "க்ஹூம்" என்று தொண்டையைச் செருமுவார், "சா" என்பார், திருப்தியில்லாமல் மறுபடி செருமுவார். அவர் பாடுகிறார் என்றாலே தமிழ்ச் சங்கத்தில் பாதிப் பேருக்கு பேபிசிட்டர் கிடைக்காமல் போய்விடும்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு எண்பத்தாறில் ஒரு வெள்ளைக்காரன் டேப் ரெக்கார்டரோடு வந்தால் தலைகால் புரியுமா? வந்தவன் ஆபீஸ் நண்பரின் தம்பி வெண்டல், இசையமைப்பாளன். ஒரு சின்னத் துணுக்கையே திரும்பத் திரும்பப் பாடவைக்கும் மினிமலிஸ்ட் ஆபெரா எழுதிக்கொண்டிருந்தான். அதில் நம் சங்கீதத்தின் தாக்கம் வேண்டுமாம். சிவராமகிருஷ்ணன் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, ஒரு காசெட்டின் இரண்டு பக்கமும் நிரப்பிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் ஆபெரா ஹூஸ்டனில் மேடையேறியது. "நம்ம காம்போதி வெள்ளைக்காரா வாயில வரப்போறது. மிஸ் பண்ணிடாதீங்கோ," என்று வீடு வீடாக ஃபோன் போட்டு, முப்பது பேரை டிக்கெட் வாங்கவைத்தார். இனிமேலாவது தன் பாட்டை மதிப்பார்கள் என்று பாவம், மனிதருக்கு அவ்வளவு ஆசை.

நிகழ்ச்சிப் புத்தகத்தில் தாக்கங்களின் பட்டியல் போட்டிருந்தான்: ஜப்பானியப் பொம்மலாட்டம், சரக்கு ரயில், சிவராம். அந்தப் பக்கத்தை மனைவி பர்வதத்தின் மடியில் திறந்தே வைத்தார்.

திரை விலகியது. நாற்பது வயலின்கள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றன. தடித்த பாடகர் ஒருவர் முன்னால் வந்தார். "க்ஹூம்," என்றார். "சா," என்றார். "க்ஹூம்." பின்னால் நின்ற கோரஸும் "க்ஹூம்" என்றது. இருபது நிமிஷம் இதேதான். முப்பது தமிழர்களும் புடவைத் தலைப்பையும் கைக்குட்டையையும் வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

"ஏன்னா, காம்போதி எப்ப வரும்?" என்றாள் பர்வதம்.

"அது ரெண்டாவது சைடுடீ. முதல் சைடு பூரா தொண்டையத்தான் சரி பண்ணிண்டிருந்தேன். பாவி, காசெட்டைத் திருப்பிப் போடவே இல்ல போலிருக்கு!" அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

முடிந்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வெண்டல் மேடையிலிருந்து அவரை எழுந்திருக்கச் சொல்லிக் கைகாட்டினான். கையில் மைக்கும் வந்து சேர்ந்தது. அரங்கம் அடங்கிக் காத்திருந்தது. நிஜமான காம்போதி எப்படி இருக்கும் என்று இப்போதே பாடிக் காட்டிவிடுவது என்று எழுந்து நின்று, வாயைத் திறந்தார்.

"க்ஹூம்."

இரண்டாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தமிழ்ச் சங்கத்து முப்பது பேரும்தான், முதல்முறையாக, மனதார.