போகாத பியூஸ்

தலை காருக்குள், கால்கள் வெளியே. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் மல்லாந்து படுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பியூஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் எலக்ட்ரீஷியன். டார்ச்சைப் பல்லில் கடித்திருந்தாள். பெட்டியின் மூடி அவள் நெஞ்சின் மேல் கிடந்தது. எந்த எண்ணில் எந்தப் பியூஸ் என்று அதன் உட்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அவளுக்கு அது தேவையில்லை. பின்சீட் சார்ஜர் இருபத்திரண்டாம் எண், மூன்றாவது வரிசை, இடது ஓரம். ஏழு வருடமாக இந்த சர்வீஸ் சென்டரில் இதே வேலை. எல்லாரும் அவளைப் பியூஸக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"என்னக்கா, தூங்கிட்டியா?" பக்கத்து வண்டியிலிருந்து நெட்டை கேட்டான். மெக்கானிக். லிஃப்டில் ஏற்றிய வண்டிக்குக் கீழேகூடக் குனிந்துதான் நிற்பான்.

டார்ச்சைக் கைக்கு மாற்றினாள். "ஆமா. உன் கால நீட்டு, தலைக்கு வெச்சுக்கறேன்."

"நான் கால நீட்டினா அடுத்த தெருவுல இடிக்கும்க்கா."

வண்டியோடு வந்த வேலைக் கார்டில் 'பின்சீட்டில் கருகிய வாடை' என்று எழுதியிருந்தது. அதை எழுதவைத்த பெண் கணவனோடும் இரண்டு வயது மகளோடும் முன்பக்கக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தாள். வண்டியை உள்ளே விடும்போது அவளே கூட நடந்து வந்து சொன்னாள்: "பாப்பாவுக்குப் பால் சூடு பண்ற ஹீட்டர பின்னால மாட்டுவோம்க்கா. மாட்டினா ஒரு வாடை வருது. இவரு என்னடான்னா என் மூக்குலதான் கோளாறுங்கறாரு."

டெஸ்ட் விளக்கின் கிளிப்பை இரும்பில் மாட்டி, அதன் ஊசி முனையால் நீல பியூஸின் தலையிலிருந்த இரண்டு பொட்டுத் துளைகளையும் மாற்றி மாற்றித் தொட்டாள். இரண்டிலும் விளக்கு எரிந்தது. பியூஸ் நன்றாக இருந்தது. கருகிய வாடை வருகிற வண்டியில் பியூஸ் நன்றாக இருக்கக் கூடாது.

பிளாஸ்டிக் இடுக்கியால் அதைப் பிடுங்கி டார்ச் வெளிச்சத்தில் பிடித்தாள். நல்ல பியூஸில் இரண்டு கால்களையும் இணைக்கும் தகடு நடுவில் மெலிந்து வளைந்திருக்கும். அளவுக்கு மேல் கரண்ட் பாய்ந்தால் அந்த மெலிந்த இடம் முதலில் அறுந்துவிடும், ஒயர் தப்பித்துக்கொள்ளும். இதில் மெலிவே இல்லை. இந்தக் காலிலிருந்து அந்தக் கால்வரை ஒரே தடிமனில் தகடு ஓடியது.

மூன்று வாரம் முன்பு இதே வண்டியில் இதைப் போட்டவள் அவள்தான்.

நீலம் என்றால் பதினைந்து ஆம்பியர். இங்கே யாரும் எண்ணைச் சொல்வதில்லை. 'ஒரு சிவப்பு குடு', 'ரெண்டு நீலம் எடு' என்றுதான் பேச்சு. அன்று பழைய பியூஸ் போயிருந்தது. ஸ்டோரில் கொடுத்த தட்டிலிருந்து ஒரு நீலத்தை எடுத்து அழுத்தினாள், சார்ஜர் வேலை செய்தது, கையெழுத்துப் போட்டாள். பழையது ஏன் போனது என்று தேட நேரமில்லை. பியூஸ் வேலைக்குப் பன்னிரண்டு நிமிடம். தாண்டினால் சுவரிலிருக்கும் திரையில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு விழும். அவள் நிறத்தைப் பார்த்தாள். தகட்டைப் பார்க்கவில்லை.

"நெட்டை, இங்க வா. பின்சீட்டக் கழட்டணும்."

"கார்டுல சீட் வேலை இல்லையேக்கா."

"வான்னா வா."

குழந்தைக்கான தனி இருக்கையை முதலில் எடுத்து வெளியே வைத்தார்கள். அதன் மடிப்புகளில் பிஸ்கட் தூளும் ஒரு பொம்மையின் கையும் கிடந்தன. பிறகு பெரிய சீட். பிறகு கார்ப்பெட். அது எளிதில் வரவில்லை, ஓரிடத்தில் தரையோடு ஒட்டியிருந்தது. நெட்டை இழுத்தபோது பிசுக்கென்று பிய்ந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு. சீட்டைத் தாங்கும் இரும்புத் தண்டு ஒயரை நசுக்கியிருந்தது. அந்த இடத்திலிருந்து ஒரு முழ நீளத்துக்கு ஒயரின் தோல் உருகி வழிந்து, செம்புக் கம்பி அம்மணமாகத் தெரிந்தது. குழந்தையின் இருக்கையிலிருந்து கழன்ற பஞ்சு ஒன்று பழுப்பாகக் கருகி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நெட்டை பஞ்சை விரலால் தொட்டான். அது பொடியாக உதிர்ந்தது.

அவள் பையில் போன் அதிர்ந்தது. கணவன். மூட்டை ஏற்றும் இடத்தில் விழுந்ததிலிருந்து நாலு மாதமாக அவன் வீட்டில் படுத்திருந்தான்.

"பேரு ஒட்டிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"ஒட்டினதும் போட்டோ எடுத்து அனுப்பு. கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு கெடச்சாதான் ஆபரேஷன் தேதி தருவேன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்கல்ல." பிறகு குரலை இறக்கிச் சொன்னான்: "இன்னிக்கு நானே எழுந்து பாத்ரூம் போனேன், தெரியுமா? சுவர் இல்லன்னா விழுந்திருப்பேன். ஆனா போனேன்."

"கெட்டிக்காரன்தான். வேலையா இருக்கேன், வெக்கறேன்."

ஒப்பந்தத் தொழிலாளர்களில் நிரந்தரமாக்கப்படுகிறவர்களின் பட்டியல் அன்று மாலை பலகையில் ஒட்டப்படும் என்று ஒரு வாரமாகப் பேச்சு.

மூலையிலிருந்த வேலை மேசையில் ஒரு பழைய பேட்டரியை வைத்தாள். கருகியதைப் போலவே ஒரு முழம் ஒயர் வெட்டி, நடுவில் நீல பியூஸைச் சேர்த்து, இரண்டு முனைகளையும் பேட்டரியில் தொட்டாள். நெட்டை எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. ஒயரின் தோல் பளபளத்தது. ஐந்தில் புகை வந்தது. எட்டில் தோல் சொட்டுச் சொட்டாக மேசையில் விழுந்தது. அவள் இடுக்கியால் ஒயரைத் தட்டிவிட்டாள். பியூஸ் சூடாக இருந்தது, ஆனால் போகவில்லை.

தன் கருவிப் பெட்டியில் பழைய சரக்கில் மிஞ்சிய நல்ல நீலங்கள் இரண்டு வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து மாட்டினாள். நெட்டை 'ஒண்ணு' என்று வாயைத் திறப்பதற்குள் 'டிக்' என்று அறுந்தது. ஒயர் குளிர்ந்தே இருந்தது.

"தட்டு பூரா இப்படித்தானாக்கா?"

அவள் தட்டைக் கவிழ்த்தாள். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே தடிமன். நிறம் மட்டும்தான் வேறு.

மேனேஜர் தன் கண்ணாடி அறையில் ஒரு காகிதத்தை விரித்து, கருகிய ஒயரை அதன்மேல் வைக்கச் சொன்னார். மேசை அழுக்காகாமல் பார்த்துக்கொண்டார்.

"யார் யார் பாத்தீங்க?"

"நானும் நெட்டையும் சார்."

"கஸ்டமர்?"

"உங்ககிட்டச் சொல்லிட்டுப் போய்ச் சொல்லலாம்னு."

"நல்ல காரியம் பண்ணின. உக்காரு." ஏழு வருடத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல்முறை. அவள் உட்காரவில்லை. "கார்டுல இப்படி எழுது. வெளியில் வாங்கிய ஹீட்டரால் ஒயர் சேதம். அவ்வளவுதான்."

"அந்த ஹீட்டர் பத்து ஆம்பியர்கூட இழுக்காது சார். சீட்டுத் தண்டு ஒயர நசுக்கியிருக்கு. பியூஸ் போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. இது போகல. போகவும் போகாது. தட்டுல இருக்கறது எல்லாமே அப்படித்தான். இந்த மாசம் பூரா இதத்தான் போட்டிருக்கோம். எல்லா வண்டியையும் திருப்பிக் கூப்பிடணும்."

"எந்தெந்த வண்டின்னு எப்படித் தெரியும்?"

"கார்டுல இருக்கு. எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "அதத்தாம்மா நானும் சொல்ல வர்றேன். எல்லாத்துலயும் உன் கையெழுத்து இருக்கு. ஸ்டோர்காரன் கையெழுத்து இல்ல. வாங்கச் சொன்னவங்க கையெழுத்து இல்ல. என்னோடது இல்ல."

"ஸ்டோர்ல குடுத்ததத்தானே சார் போட்டேன்?"

"பாத்துத்தானே போடணும்? நீ எதப் பாத்துப் போட்ட?"

"கலர," என்றாள்.

"கலர." அவர் அந்தச் சொல்லை மெல்லத் திருப்பிச் சொன்னார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். ஒன்பது பெயர்கள். நான்காவது அவளுடையது. "அஞ்சு மணிக்கு ஒட்டணும். உன் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டுல ஏதோ ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். கார்ட எழுதிக் குடுத்துட்டுப் போ."

அவள் பேனாவை எடுத்தாள். நின்றுகொண்டே எழுதினாள். குனிந்து எழுதியதில் எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கின. 'நான் போட்ட பியூஸ் தரமற்றது. ஸ்டோரில் கொடுத்தது. இதே பியூஸ் போட்ட எல்லா வண்டிகளையும் சோதிக்க வேண்டும்.' கீழே கையெழுத்து.

மேனேஜர் படித்துவிட்டு அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒர்க் ஷாப்ல நெருப்பு வெச்சு விளையாடினியாமே. பெட்ரோல் வண்டி நிக்கற இடத்துல. கேமராவுல இருக்கு."

"விளையாடினேனா?" அவள் குரல் கண்ணாடியைத் தாண்டிப் பட்டறை முழுக்கக் கேட்டது. எங்கோ ஒரு ஸ்பேனர் ஓசை நின்றது. "கொழந்த உக்கார்ற எடம் சார் அது! பஞ்சு வரைக்கும் கருகியிருக்கு. உங்க வீட்டு வண்டியில இதப் போடுவீங்களா? போடுங்க பாப்போம். இப்பவே போடறேன், சாவியக் குடுங்க!"

"யூனிஃபார்ம் கோட்ட செக்யூரிட்டிகிட்டக் குடுத்துட்டுக் கெளம்பு," என்றார் அவர். குரல் உயரவே இல்லை. பேனாவைத் திறந்து பட்டியலில் நான்காவது பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தது.

அவள் வெளியே வந்தபோது நெட்டை அந்தக் காரின் பின்கதவில் மண்டியிட்டிருந்தான். உருகிய ஒயரின்மேல் கருப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் புதுக் கார்ப்பெட் சுருட்டிக் கிடந்தது.

"ஒயர மாத்தலையா?"

"டேப் போதும்னுட்டாரு."

"பியூஸ்?"

நெட்டை டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"நெட்டை, என் பொட்டியில நல்ல நீலம் ஒண்ணு இருக்கு. அதையாவது போடு."

"பொட்டிய பூட்டி எடுத்துட்டுப் போயிட்டாருக்கா." அவன் இன்னும் திரும்பவில்லை. "என் பேரும் அந்த லிஸ்ட்ல இருக்கு."

"நீ எண்ணினியேடா. எட்டு வரைக்கும் உன் வாயாலதானே எண்ணின."

அவன் முதுகு இன்னும் கொஞ்சம் வளைந்தது. அவ்வளவு உயரமான ஆள் ஒரு கதவுக்குள் முழுதாக அடங்கிப்போனான்.

வாசலில் செக்யூரிட்டி அவள் கோட்டை வாங்கி, பைகளைத் துழாவி, டெஸ்ட் விளக்கை எடுத்துக்கொண்டான். அவள் வலது கை மட்டும் மூடியிருந்தது. அதைத் திறக்கச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. அவள் கேட்டுக்கு வெளியே, வண்டிகள் திரும்பும் இடத்தில் போய் நின்றாள். வீட்டு உடுப்பின் முழங்கைகளில் கிரீஸ். வெயிலில் ஒன்றரை மணி நேரம். போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. அவள் எடுக்கவில்லை.

அந்தக் கார் நனைந்து பளபளவென்று வெளியே வந்தது. இலவசமாகக் கழுவிக் கொடுத்திருந்தார்கள். அவள் குறுக்கே போய் நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது. வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கினார்.

"சார், உங்க வண்டியில அந்த நீல பியூஸ்..."

"நீதானா அது?" அவர் முகம் சிவந்தது. "உள்ள எல்லாம் சொன்னாங்க. கம்பெனி பியூஸ வெளிய வித்துட்டு மட்டமானதப் போட்டவ நீதானா? என் புள்ள உக்காந்திருக்கற சீட்டும்மா! உனக்கெல்லாம் வீட்டுல புள்ள குட்டி கெடையாதா?"

"நான் விக்கல சார். இப்பவும் அதேதான் போட்டிருக்காங்க. ஒயர மாத்தல, டேப்தான் சுத்தியிருக்காங்க. கார்ப்பெட்டத் தூக்கிப் பாருங்க, ஒரே நிமிஷம்..."

"போலீஸ்ல குடுக்கலாம்னேன். பாவம், ஏழை, வேலைய விட்டு எடுத்துட்டோம், விட்டுடுங்கன்னு அந்த மனுஷன் கெஞ்சினாரு. அந்த நன்றியாவது இருக்கா உனக்கு?"

அவள் பின்பக்கம் ஓடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தையின் தாய். காலையில் அக்கா என்று கூப்பிட்டவள். "ஹீட்டர மாட்டாதம்மா! என்ன வேணா திட்டிக்க, அத மட்டும் மாட்டாத!" அந்தப் பெண் பயந்துபோய்க் குழந்தையின் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டு, மறு கையால் கதவின் பூட்டை அழுத்தினாள். வண்டி நகர்ந்தது. வெளியிலிருந்து அவள் ஊன்றிய இடது உள்ளங்கையின் ஈரத் தடம் மட்டும் கண்ணாடியில் கொஞ்ச தூரம் போனது.

"வழிய விடும்மா," என்று செக்யூரிட்டி கத்தினான். "பின்னால வண்டி வருது."

அடுத்து வந்தது ஒரு வெள்ளைக் கார். போன வாரம் ஹாரன் பியூஸ் மாற்றிய வண்டி. அவளுக்கு எண்கூட நினைவிருந்தது. ஓட்டியவர் காதில் போனை வைத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவள் ஓட்டுநர் பக்கம் போய், மூடியிருந்த கையை விரித்து, காலையில் பிடுங்கிய அந்த நீல பியூஸைக் கண்ணாடிக்கு நேராக நீட்டினாள்.

"ஐயா, இதக் கொஞ்சம் பாருங்க."

கண்ணாடி இரண்டு விரல் அகலத்துக்கு இறங்கியது. அவர் பேச்சை நிறுத்தவில்லை, இந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. இடுக்கு வழியாக அவர் விரல்கள் ஒரு நாணயத்தை அவள் உள்ளங்கையில், பியூஸின் மேல் வைத்துவிட்டு உள்ளே போயின.