படகுக்கு இரண்டாம் முழுக்கு

ஓர் ஏரிப் படகை இன்னோர் ஏரியில் இறக்குமுன் கொதிநீரால் கழுவிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஏரிகளைக் கெடுக்கும் குவாகா என்ற அந்நியச் சிப்பி பரவக்கூடாது என்பதற்காகச் சுவிஸில் இப்படியொரு சட்டம். அந்தச் சிப்பியின் குஞ்சு தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது.

இராஜசிங்கம் வாங்கிய பழைய படகைக் கழுவி முடித்த கழுவும் நிலைய ஊழியர் பேத்தர், சான்றிதழில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார். அதற்குள் இராஜசிங்கத்தின் மனைவி கஜலக்சுமி, புதுக் காருக்குச் செய்வதுபோல், படகுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, போத்தலில் இருந்த தீர்த்தத்தைத் தாராளமாகத் தெளித்துவிட்டாள்.

"அது எங்கத்தைத் தண்ணி எண்டு கேக்கிறார்," என்று பேத்தரின் கேள்வியைத் தமிழில் சொன்னார் இராஜசிங்கம்.

தீர்த்த விஷயத்தில் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"கோயில் தீர்த்தத் திருவிழாவிலை, இந்தப் படகு முந்தி நிண்ட அந்தப் பழைய ஏரியிலை அள்ளினது."

"நாசமாப் போச்சு! இனித் திரும்பவும் கழுவ வேணும்."

பேத்தர் சிரித்துக்கொண்டே குழாயை எடுத்தார். தீர்த்தமும் சந்தனமும் ஆவி பறக்க ஓடிப்போயின. படகு பளபளவென்று நின்றது. கஜலக்சுமி கழுவும் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்த மெசினுக்கல்லோ முதல் பொட்டு வைச்சிருக்க வேணும்!"

படகை விட்டுவிட்டுக் கழுவும் இயந்திரத்துக்குப் பெரிதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பேத்தர் தொப்பியைக் கழற்றித் தன் நெற்றியையும் நீட்டினார்.